பின்வரிசையில் அமர்ந்திருந்தவர்: வாசகர் கேள்வி, பதில்

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸைப் பற்றி முன்பு இப்பகுதியில் எழுதிய சிறு குறிப்புக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவருடைய மறைவையும் ரசிகர்களின் துயரத்தையும் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: இருபத்தைந்து ஆண்டுகளாக ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களைக் கேட்டு வருபவன் நான். 2021 ஆகஸ்ட் 24 அன்று சார்லி வாட்ஸ் காலமான செய்தியைப் படித்துவிட்டு அழுதேன். சில பாடல்களை இன்றும் முழுதாகக் கேட்க முடியவில்லை. "பாட்டுக்கூடப் பாடாத மனிதர், உன்னை யாரென்றே அறியாதவர், அவருக்காகவா இத்தனை துக்கம்?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். நான் மிகைப்படுத்துகிறேனா?

பதில்: இல்லை. ஆனால் உங்கள் வீட்டார் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் பதில் சொல்ல முடியும்.

நம்மை அறியாத ஒருவருக்காக நாம் துக்கப்படலாமா என்பது முதல் கேள்வி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அன்றாடம் வருகிறவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956லேயே எழுதிவிட்டார்கள். அந்த உறவில் மறுபுறத்திலிருந்து பதில் வராது என்பது உண்மைதான்; அதனால் இப்புறத்தில் இருக்கும் பழக்கமும் பற்றும் பொய்யாகிவிடுவதில்லை. துக்கத்தை ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989இல் இன்னொன்றைச் சுட்டினார்: சுற்றியிருப்போர் ஒப்புக்கொள்ள மறுக்கும் துக்கம் என்று ஒரு வகை உண்டு, இழப்பின் பாரத்தோடு, அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள ஆளில்லாத பாரமும் அதில் சேர்ந்துகொள்கிறது. நம் பேச்சில் சொல்வதானால், துக்கம் விசாரிக்க ஒருவரும் வந்து உட்காராத துக்கம். உங்களுடையது அதுதான்.

இரண்டாவது கேள்வி, பாடகர் இருக்க டிரம்மருக்காக ஏன் அழ வேண்டும் என்பது. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வீட்டாருக்கு நன்றி சொல்லுங்கள். ராக் டிரம்மர்களில் பெரும்பாலோர் வலது கைக் குச்சியால் ஹை-ஹேட் என்னும் இரட்டைத் தட்டை இடைவிடாமல் தட்டிக்கொண்டே, நான்கு நான்காக எண்ணும் தாளத்தின் இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவது எண்ணிக்கையிலும், 'பட்' என்று கூர்மையாக ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மை இடது கையால் அடிப்பார்கள். சார்லி வாட்ஸ் அந்த இரண்டு இடங்களிலும் வலது கையைச் சட்டென்று மேலே தூக்கிவிடுவார். ஹை-ஹேட் அந்தக் கணத்தில் பேசாமல் இருக்கும். ஸ்னேரின் அடி மட்டும், பக்கத்தில் துணைக்கு ஒலி ஏதுமின்றித் தனியாக வந்து விழும். காணொளியில் அவருடைய வலது மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், சுடுகின்ற பாத்திரத்தைத் தொட்டவர் கையை இழுத்துக்கொள்வது போலத் தெரியும்.

ஜாஸ் இசையில் ஊறிய அவர், இடது கைக் குச்சியை ஜாஸ் கலைஞர்கள் பிடிக்கும் பழைய முறையிலேயே கடைசிவரை பிடித்தார். மற்றவர்கள் தம்மைச் சுற்றி டிரம்களைக் கோட்டைபோல் அடுக்கிக்கொண்ட காலத்திலும், மாபெரும் மைதானங்களில் ஒரு சிறிய செட்டை வைத்துக்கொண்டே வாசித்தார். பொதுவாக இசைக்குழுக்களில் எல்லோரும் டிரம்மரைப் பின்தொடர்வார்கள்; ரோலிங் ஸ்டோன்ஸில் டிரம்மர் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டாரைப் பின்தொடர்ந்தார் என்று, அதே குழுவில் முப்பது ஆண்டுகள் பாஸ் கிட்டார் வாசித்த பில் வைமன் சொல்லியிருக்கிறார். அதனால் தாளம் இம்மியளவு பிந்தி வரும். காலப்பிரமாணம் குலையாது, ஆனால் நடை லேசாக அசையும். அந்த அசைவுதான் அவர்களுடைய இசை என்று சொன்னால் சிலர் என்னோடு சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

1963 ஜனவரியில் குழுவில் சேர்ந்தவர், தம் எண்பதாவது வயதில் இறக்கும்வரை ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அதில் இருந்தார். நீங்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்ட ஒவ்வொரு பாடலிலும் உங்கள் காலைத் தட்ட வைத்தது அந்தக் கைகள்தாம். அவரை உங்களுக்குத் தெரியாது என்று சொல்வது சரியாகாது. அவருடைய கைகளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்க முடியாத பாடல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். தூக்கமும் அன்றாட வேலைகளும் கெடும் அளவுக்கு இந்தத் துயரம் வளர்ந்தால், தயங்காமல் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: அவர் இறந்து ஒரு மாதம் ஆவதற்குள் மற்றவர்கள் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார்களே, இது அவமரியாதை இல்லையா? டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்ததும் லெட் ஸெப்பெலின் குழு நிறுத்திக்கொள்ளவில்லையா?

பதில்: நிறுத்திக்கொண்டது. 1980 செப்டம்பர் 25இல் பான்ஹம் இறந்தார். அந்த டிசம்பரிலேயே, அவரில்லாமல் தொடர இயலாது என்று மற்ற மூவரும் அறிவித்துவிட்டார்கள். 2007 டிசம்பரில் ஒரே ஓர் இரவுக்காக லண்டனில் கூடியபோதும், டிரம்ஸில் அமர்ந்தவர் அவருடைய மகன் ஜேசன். அதே 1980இல்தான் ஏசி/டிசி குழு தன் பாடகர் பான் ஸ்காட்டைப் பிப்ரவரியில் இழந்தது. ஜூலையில் புதிய பாடகரோடு ஓர் ஆல்பத்தை வெளியிட்டு, துக்கத்தின் அடையாளமாக அதன் அட்டையை முழுக் கறுப்பாக்கியது. இவர்களில் யார் தங்கள் நண்பரை அதிகம் நேசித்தார்கள் என்று தேதிகளை வைத்துக் கணக்குப் போட முடியுமா?

வாட்ஸ் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருத்துவச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு தேவைப்பட்டதால் தாம் இந்தப் பயணத்தில் கலந்துகொள்ள இயலாது என்றும், நெடுநாள் நண்பர் ஸ்டீவ் ஜோர்டன் தமக்குப் பதிலாக வாசிப்பார் என்றும், இறப்பதற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போதே அறிவிப்பு வந்துவிட்டது. ஆகவே, அவருடைய இருக்கையை அவர் கண்மூடிய பிறகு யாரோ பறித்துக்கொண்டதாக எண்ண வேண்டாம்.

செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரசிகர்களுக்கான முதல் நிகழ்ச்சி தொடங்கியபோது மேடையில் ஒருவரும் இல்லை. டிரம்ஸின் தாளம் மட்டும் ஒலிக்க, பின்திரையில் வாட்ஸின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதன் பிறகே மற்றவர்கள் மேடையேறினார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஜோன்ஸ் 1969 ஜூலை 3இல் இறந்து இரண்டே நாளில், லண்டன் ஹைடு பூங்காவில் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சியை இதே குழு அஞ்சலியாக மாற்றியதையும் நினைவுபடுத்துகிறேன். அன்று பாடகர் மிக் ஜாகர் எடுத்த எடுப்பில் பாடவில்லை. கவிஞர் ஷெல்லியின் இரங்கற்பாவிலிருந்து சில வரிகளை வாசித்தார்.

கேள்வி: இறந்தவருக்குப் பதிலாக வருபவரை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் தவறு உண்டா?

பதில்: ஏற்க முடியாததில் தவறில்லை; அதை அவர்மேல் காட்டுவதில் தவறு உண்டு. மெட்டாலிக்கா குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டைக் குழுவினரே சீண்டிச் சீண்டி வதைத்தார்கள். தங்கள் துயரமே அப்படி வெளிப்பட்டது என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். 1988இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்தை எடுத்துக் கேளுங்கள்: அவருடைய பாஸ் கிட்டாரின் ஒலியை அவ்வளவு குறைத்துவிட்டார்கள், அது இருக்கிறதா என்றே காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கும். வந்தவர் பாவம், அதற்குப் பிறகும் 2001வரை வாசித்தார்.

கேள்வி: இறந்தவர் வாசித்தவற்றைப் பின்னர் வெளியிடுவது வியாபாரம்தானே?

பதில்: வியாபாரமும்தான். 2023இல் வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பத்தில் இரண்டு பாடல்களில் வாட்ஸ் வாசித்திருக்கிறார். அவர் உயிரோடிருந்தபோதே, அந்தப் பாடல்களுக்கென்றே பதிவானவை அவை. கிடைத்த துண்டுகளையெல்லாம் ஒட்டி ஆல்பமாக்குவது வேறு, இது வேறு.

கேள்வி: பெயரே பெரிதாகத் தெரியாத உறுப்பினர்களுக்காக யாராவது துக்கம் அனுசரித்திருக்கிறார்களா?

பதில்: இதே குழுவில் இயன் ஸ்டூவர்ட் என்றொருவர் இருந்தார். தொடக்க நாளிலிருந்தே பியானோ வாசித்தவர். 1963இல் மேலாளர், இவருடைய தோற்றம் குழுவுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, படங்களிலிருந்தும் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் நீக்கிவிட்டார். அவரோ கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. இசைக்கருவிகளை வண்டியில் ஏற்றி இறக்குவதைக் கவனித்துக்கொண்டும், தமக்குப் பிடித்த பாடல்களுக்கு மட்டும் பியானோ வாசித்துக்கொண்டும், 1985 டிசம்பரில் இறக்கும்வரை அவர்களோடே இருந்தார். மறுஆண்டு வந்த ஆல்பத்தின் கடைசியில், அட்டையிலுள்ள பாடல் பட்டியலில் குறிப்பிடாமல், அவர் தனியே பியானோ வாசிக்கும் சுமார் அரை நிமிடத்தைச் சேர்த்தார்கள். பாடல்கள் முடிந்துவிட்டன என்று நினைத்து எழுந்துவிட்டவர்களுக்கு அது கேட்டிருக்காது. அஞ்சலிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி: நான் தொலைவில், தனியாக இருக்கிறேன். சார்லி வாட்ஸுக்கு என் அஞ்சலியை எப்படிச் செலுத்துவது? குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதலாமா?

பதில்: கடிதம் வேண்டாம். மறைவுச் செய்தியை அறிவித்தபோதே, குடும்பத்தாரின் தனிமையை மதிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவரும் அப்படிப்பட்ட மனிதர்தான்: சுற்றுப்பயணங்களில் மற்றவர்கள் கொண்டாடிக்கொண்டிருக்க, தாம் தங்கிய விடுதி அறையின் படுக்கையை நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முடிந்தால் நீங்களும் செய்யுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, பாடகரையும் கிட்டாரையும் விட்டுவிட்டு, ஹை-ஹேட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்விட்டு எண்ணுங்கள். முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. பாட்டு நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாவது, நான்காவது தடவையில், இரண்டிலும் நான்கிலும் ஹை-ஹேட் ஒலி நின்று அந்தக் கை மேலே போகும் இடைவெளி தெரியத் தொடங்கும். தெரிந்ததும், எந்தப் பாடலில் கேட்டீர்கள் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.