மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அமெரிக்க ரசிகர்கள் ஏன் இப்படி அழுகிறார்கள்?

கேள்வி இதுதான்: என்பிஏ மாதிரி பெரிய தொழில்முறைப் போட்டி இருக்கிற நாட்டில், மாணவர்கள் ஆடும் ஒரு போட்டிக்கு, அதுவும் தாங்கள் படிக்காத கல்லூரிக்குக்கூட, மக்கள் ஏன் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி ஆகிவிடுகிறார்கள், கொஞ்சம் ஓவராக இல்லையா?

ஓவர்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் நான் பர்டூ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவன், படித்து முடித்தும் அது இருக்கும் இண்டியானா மாநிலத்தை விட்டு நகராதவன், அதனால் என்னிடம் நடுநிலையான பதில் கிடைக்காது. கிடைப்பது பர்டூ ரசிகனின் பதில். பர்டூ ரசிகன் என்றால் இந்தப் போட்டியில் எத்தனை விதமாகத் தோற்க முடியுமோ அத்தனையையும் பார்த்தவன் என்று அர்த்தம்.

போட்டி நடக்கும் விதம் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் நிலைக் கல்லூரி அணிகள் 350-க்கும் மேல். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொன்றும் சுமார் முப்பது ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் 68 அணிகளைப் பொறுக்கி (தொடக்கச் சுற்றில் நான்கு கழிந்து 64 ஆகும்), நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை வரிசை எண் கொடுக்கிறார்கள், 1 என்றால் பலமான அணி, 16 என்றால் பலவீனமான அணி, இதைத்தான் சீட் என்கிறார்கள். முதல் சீட் 16-ஆம் சீட்டோடு, இரண்டாம் சீட் 15-ஆம் சீட்டோடு. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், மறு வாய்ப்பே கிடையாது. 2015 ஐபிஎல்லில் மும்பை முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றுவிட்டுக் கோப்பையைத் தூக்கியது நினைவிருக்கிறதா? இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஐந்து மாதம் நன்றாக ஆடிய அணிக்கு ஒரு வியாழக்கிழமை மதியம் 40 நிமிடம் பந்து கூடைக்குள் விழவில்லை என்றால் அந்த வருடம் முடிந்தது. என்பிஏ பிளேஆஃபில் ஏழு ஆட்டத் தொடர் என்பதால் பெரும்பாலும் நல்ல அணிதான் ஜெயிக்கும், இங்கே அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொன்று ஊர். பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபாயெட்டில் என்பிஏ அணி இல்லை, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அணி இல்லை, பர்டூ மட்டும்தான். லாரன்ஸில் கான்சஸ், சேப்பல் ஹில்லில் வட கரோலினா, இப்படித்தான் பல கல்லூரி ஊர்கள். அங்கே அந்த அணி மாணவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார், பர்டூவில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை, ஆனால் 1969-இல் ரிக் மவுண்ட் ஆடிய அணி இறுதி ஆட்டத்தில் யூசிஎல்ஏவிடம் தோற்றதை நேற்று நடந்த மாதிரி சொல்வார். "படித்தவர்கள் நாலு வருடத்தில் போய்விடுவார்கள், நாங்கள்தான் இங்கேயே இருந்து தோற்கிறோம்" என்று அவர் சொன்னபோது சிரித்தேன். அப்புறம் நானும் இங்கேயே தங்கிவிட்டேன்.

சரி, இப்போது என் பட்டியல். 2019-இல் கடைசி எட்டு சுற்றில் பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளி எடுத்தார், பத்து மூன்று புள்ளி ஷாட்கள். ஆட்டம் முடிய சில நொடிகள்தான் பாக்கி, ஜெயித்துவிட்டோம் என்று இருந்தபோது வர்ஜீனியாவின் ஃப்ரீ த்ரோ தவறி, பந்து பின்பக்கம் வெகுதூரம் தட்டிவிடப்பட்டு, கிஹெய் கிளார்க் ஓடி எடுத்துத் தூக்கிப் போட, மமாடி டியாகிடே அடித்தார், பஸ்ஸர் ஒலித்தது, 70-70. ஓவர்டைமில் 80-75 என்று தோல்வி. 2021-இல் 13-ஆம் சீட் வட டெக்சாஸிடம் தோல்வி. 2022-இல் 15-ஆம் சீட் செயின்ட் பீட்டர்ஸிடம் தோல்வி. எதிரணியின் சீட் எண் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். 2023-இல் அதற்கு மேல் ஏற எண்ணே இல்லாத இடத்துக்கு வந்துவிட்டோம்.

2023 மார்ச் 17, கொலம்பஸ் நகரம். பர்டூ முதல் சீட், நடுவில் 7 அடி 4 அங்குல சாக் ஈடி. எதிரே ஃபேர்லி டிக்கின்சன், முதல் நிலை அணிகளிலேயே உயரம் குறைந்த அணி, முந்தைய சீசனில் 4 வெற்றி 22 தோல்வி. அவர்கள் தங்கள் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) போட்டியைக்கூட ஜெயிக்கவில்லை. ஜெயித்த மெரிமேக் அப்போதுதான் கீழ் நிலையிலிருந்து மேலே வந்திருந்ததால் விதிப்படி தகுதி இல்லாமல் போக, அந்தக் கான்ஃபரன்ஸுக்குரிய இடம் இவர்களுக்கு வந்தது. 1985-இல் போட்டி 64 அணிகளாக விரிந்ததிலிருந்து முதல் சீட் 16-ஆம் சீட்டிடம் தோற்றது அதுவரை ஒரே ஒரு முறைதான். 2018-இல் யூஎம்பிசி என்கிற மேரிலாந்துக் கல்லூரி வர்ஜீனியாவை 74-54 என்று புரட்டிப் போட்டது. அதற்கு முன்னால் 135 ஆட்டங்களில் 135-உம் முதல் சீட்டுக்குத்தான்.

நாங்கள் லஃபாயெட்டில் ஒரு நண்பர் வீட்டில் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பத்து நிமிடம் கிண்டல், பீட்சா. இடைவேளைக்குப் பிறகு யாரும் பேசவில்லை. பர்டூ அடித்த 26 மூன்று புள்ளி ஷாட்களில் விழுந்தது 5. ஈடியைச் சுற்றி முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று குட்டையான பையன்கள் ஒட்டிக்கொண்டார்கள், பந்தை உள்ளே கொடுக்கவே விடவில்லை. அரங்கத்தில் நடந்ததுதான் இன்னும் கொடுமை. முதல் சுற்றில் ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டம், அதனால் அடுத்த ஆட்டத்துக்காக உட்கார்ந்திருக்கும் வேறு அணி ரசிகர்களும் அங்கேதான் இருப்பார்கள். சின்ன அணி நெருங்கி வருகிறது என்றால் அத்தனை பேரும் அந்தச் சின்ன அணியின் ரசிகர்களாகிவிடுவார்கள். நியூ ஜெர்சியிலிருந்து கொஞ்சம் பேரோடு வந்த அணிக்குத் திடீரென்று ஒரு அரங்கமே சொந்த ஊர் ஆனது. 63-58.

அன்று இரவு நண்பர் வீட்டில் யாரும் அழவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் எழுந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தார், எல்லாம் கழுவி முடித்தும் மறுபடி கழுவினார். இன்னொருவர் போனை அணைத்தார், காரணம் இண்டியானா பல்கலைக்கழக ரசிகர்கள். இந்த மாநிலத்தில் வீட்டுக்கு வீடு இந்தச் சண்டை உண்டு. அவர்களிடம் ஐந்து பட்டங்கள், கடைசியாக 1987-இல் வென்றது. எங்களிடம் பூஜ்யம். பர்டூ ரசிகர்கள் வேறு எந்த அணியோடு ஆடினாலும் இண்டியானாவைத் திட்டி ஒரு கோஷம் போடுவார்கள், அவ்வளவு கடுப்பு. என் மேலாளர் அந்தப் பக்கத்துக்காரர். திங்கட்கிழமை காலை ஒரு வார்த்தை பேசவில்லை, என் மேஜையில் 16 என்று எழுதிய ஒரு சின்ன மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போனார். அதற்குப் பதில் வாய்விட்டுக் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிராக்கெட் என்கிற கணிப்புத் தாள் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த அணியையும் பின்தொடராதவர்கள்கூடக் கத்துவதற்குக் காரணம் அதுதான். 64 அணிகள் ஆன பிறகு நடக்கும் 63 ஆட்டங்களின் முடிவையும் முன்கூட்டியே நிரப்பிக் கொடுக்க வேண்டும், அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் டாலர் போட்டு ஒரு பந்தயம். எல்லாம் சரியாக வர எத்தனையில் ஒரு வாய்ப்பு? கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால், 92 ஆயிரம் கோடியைக் கோடியால் பெருக்கி வரும் எண்ணில் ஒன்று. இதுவரை யாரும் முழுதாகச் சரியாக நிரப்பியதாகச் சான்று இல்லை. 2019-இல் ஒருவர் முதல் 49 ஆட்டங்களைச் சரியாகச் சொல்லியிருந்தார், ஐம்பதாவதில் உடைந்தது. உடைத்தது யார் தெரியுமா, ஓவர்டைமில் டென்னசியை ஜெயித்த பர்டூ! நாங்கள் மற்றவர்களையும் அழ வைத்திருக்கிறோம் என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

எனக்குப் பிடிக்காததும் இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் அழும் முகத்தைத் தேடுவது. 2015-இல் வில்லனோவா தோற்றபோது பேண்டில் பிக்கோலோ வாசித்துக்கொண்டே அழுத மாணவி, 2017-இல் நார்த்வெஸ்டர்ன் முதன்முதலாகப் போட்டிக்குள் வந்து தோற்றபோது கண்ணீரோடு கத்திய சிறுவன், இருவரும் ஒரே நாளில் மீம் ஆனார்கள். மாணவி அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார், மறு வருடம் வில்லனோவா கடைசி நொடி ஷாட்டில் கோப்பையையும் வென்றது. இருந்தாலும் ஒரு சின்னப் பையனின் அழுகை நாட்டுக்கே ஸ்டிக்கராவது எனக்கு உறுத்துகிறது. சூதாட்டம் இன்னும் மோசம். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமானது. இப்போது பல மாநிலங்களில் ஒரு வீரர் எத்தனை ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எடுப்பார் என்பதில்கூடப் பணம் கட்டலாம். 2024-இல் வட கரோலினாவின் அர்மாண்டோ பேகாட், அணி ஜெயித்த ஆட்டத்துக்குப் பிறகும், ரீபவுண்ட் போதவில்லை என்று நூற்றுக்கும் மேற்பட்ட வசவுச் செய்திகள் வந்ததாகச் சொன்னார். இதை நான் ரசிகர்களின் உணர்ச்சிக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன், இது கடன்காரன் வாசலில் நின்று கத்துவது.

2024-க்கு வருகிறேன். ஈடி என்பிஏ போயிருக்கலாம், போகவில்லை, திரும்பி வந்தார். 2023-இல் முதலாண்டில் இருந்த பிரேடன் ஸ்மித், ஃபிளெட்சர் லோயர் இருவரும் இருந்தார்கள். பயிற்சியாளர் மேட் பெயின்டரை மாற்றச் சொல்லி ஒரு கூட்டம் கூவிக்கொண்டிருந்தது, நல்லவேளை யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் எங்களைத் தாங்கிப் பிடித்தது வர்ஜீனியாதான்: 16-ஆம் சீட்டிடம் தோற்ற மறு வருடமே அவர்கள் பட்டம் வென்றார்கள் இல்லையா, எங்களை மிதித்துத்தான் வென்றார்கள் என்றாலும். முதல் சுற்றில் மறுபடி ஒரு 16-ஆம் சீட், கிராம்ப்ளிங் ஸ்டேட், அதுவும் இண்டியானாபோலிஸிலேயே. இருபதுக்கு மேல் புள்ளி வித்தியாசத்தில் போய்க்கொண்டிருந்தபோதும் எங்கள் வரிசையில் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. 78-50 என்று முடிந்தபோது வந்தது மகிழ்ச்சியே இல்லை, பெருமூச்சு.

பிறகு டெட்ராய்ட்டில் டென்னசியோடு ஈடி 40 புள்ளி, 72-66, 1980-க்குப் பிறகு முதல் முறையாகக் கடைசி நான்கு அணிகளில் ஒன்று. முன்னாள் பயிற்சியாளர் ஜீன் கீடி, அத்தனை வருடம் பயிற்சி கொடுத்தும் அந்த இடத்தை எட்டாதவர், வயதான காலத்தில் அங்கே வந்திருந்தார். நான் அழுதது அப்போதுதான். தோல்விக்கு வராத அழுகை வெற்றிக்கு வந்தது, காரணம் அது அந்த ஒரு ஆட்டத்துக்கான அழுகை இல்லை, 2019, 21, 22, 23 எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அழுகையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பழைய பாக்கி தெரியாது, அதனால்தான் ஓவராகத் தெரிகிறது.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 8. அன்று மதியம் இண்டியானாபோலிஸில் முழு சூரிய கிரகணம், மூன்று மணிக்கு ஊரே இருட்டியது. அம்மா ஊரிலிருந்து போன் செய்து சாப்பிடாதே, வெளியே போகாதே என்றார். இரவு கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றோம், ஈடி 37 எடுத்தும். அம்மாவிடம் ஸ்கோரைச் சொல்லவில்லை, சொன்னால் கிரகணம்தான் என்று முடிவு கட்டிவிடுவார். (இறுதி ஆட்டம் என்றதும் இன்னொன்று: அதே வருடம் நட்சத்திர வீராங்கனை கேட்லின் கிளார்க்கின் அயோவா, தென் கரோலினாவோடு மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1.89 கோடி பேர் பார்த்தார்கள், எங்கள் ஆட்டத்தைப் பார்த்தது 1.48 கோடிதான். அயோவா ரசிகர்களிடம் கேட்டால் இதைவிட நீளமான பதில் எழுதுவார்கள்.)

இப்போது ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2021-இலிருந்து வீரர்கள் விளம்பரப் பணம் வாங்கலாம், கல்லூரி மாறுவதும் எளிது. வீரர்களுக்குப் பணம் போவது நியாயம்தான், அவர்களை வைத்து எல்லோரும் சம்பாதித்தார்கள். ஆனால் அடி வாங்குவது சின்னக் கல்லூரிகள். 2022-இல் எங்களை வீழ்த்திய செயின்ட் பீட்டர்ஸ், ஜெர்சி சிட்டிக்காரர்களுக்குத் தெரியும், நம் ஆட்கள் தோசைக்குப் போகும் ஜர்னல் ஸ்கொயரிலிருந்து கொஞ்ச தூரம்தான், 15-ஆம் சீட்டாக வந்து கடைசி எட்டு வரை போன முதல் அணி. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் போய்விட்டார், முக்கிய வீரர்கள் பலரும் வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். 2025-இல் கடைசி பதினாறு அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து வந்தவை. எங்களைத் தோற்கடித்த மாதிரி அணிகள் குறைவது எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை.

அந்த 2025-இலும் கதை மாறவில்லை. இண்டியானாபோலிஸ், லூகஸ் ஆயில் ஸ்டேடியம், முதல் சீட் ஹூஸ்டனோடு 60-60. கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே கொடுத்த மிலோஸ் உசான் அதைத் திரும்ப வாங்கிக் கூடையில் வைத்தபோது 0.9 நொடி மிச்சம். 62-60. அரங்கம் முழுக்க எங்கள் நிறங்களான கறுப்பும் தங்கமும், ஒரு சத்தம் இல்லை. ஆனால் கார் நிறுத்திய இடத்துக்கு நடந்து சேர்வதற்குள் எனக்கு முன்னால் போன அப்பாவும் மகளும் ஸ்மித், லோயர், காஃப்மன்-ரென் மூவரும் அடுத்த வருடம் இருப்பார்களா, ரீபவுண்டுக்கு உயரமான ஆள் ஒருவரைக் கொண்டுவர வேண்டாமா என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் நடுவில் புகுந்து வேண்டும் என்றேன்.