தண்டுவடக் காயத்துக்கு ஜெல் ஊசி: இப்போது பணம் கட்டலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. 14 மாதங்களுக்கு முன்பு தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. முதுகில் ஒரே ஊசி போட்டால் தண்டுவடம் வளர்ந்துவிடும் என்று காணொளி ஒன்றில் பார்த்தோம். ஒரு மையத்தில் 6 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். நிலத்தை விற்றுக் கட்டலாமா?

பதில்: நிலத்தை விற்காதீர்கள். அந்தக் காணொளிக்குப் பின்னால் இருக்கக்கூடிய ஆய்வு பொய்யன்று. ஆனால் அது உங்கள் தம்பிக்கு ஏற்பட்டிருப்பது போன்ற பழைய காயத்தில் செய்யப்பட்டதும் அன்று.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழுவினர் 2021 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வே இத்தகைய செய்திகளில் அதிகம் பேசப்படுவது. அவர்கள் ஏற்றியது பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு போன்றது) மூலக்கூறுகளாலான திரவம். தண்டுவடத் திசுவைத் தொட்டதும் அது நுண்ணிழைகளாகப் பின்னிக்கொண்டு, செல்களைச் சுற்றி இயல்பாகவே உள்ள வலையைப் போன்ற ஜெல்லாக உறைகிறது. அவ்விழைகளின் மேற்பரப்பில் இரு வகைச் சமிக்ஞைகள் உள்ளன: ஒன்று அறுந்த நரம்பிழைகளை மீண்டும் வளரத் தூண்டுகிறது, மற்றொன்று ரத்தக் குழாய்கள் உருவாகவும் செல்கள் பிழைத்திருக்கவும் உதவுகிறது. செல்லின் ஏற்பிகள் (சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதங்கள்) ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பவை என்பதால், ஜெல்லின் மூலக்கூறுகளும் மிகுதியாக அசையும்படி அமைத்தபோது பலன் கூடியது. என் பார்வையில் இந்த ஆய்வின் உண்மையான புதுமை இதுதான். பணி முடிந்த ஜெல் 12 வாரங்களுக்குள் உடலிலேயே சிதைந்துவிடுகிறது.

ஆனால் ஊசி போடப்பட்டது சுண்டெலிகளுக்கு, அதுவும் காயம்பட்ட 24 மணி நேரத்தில். நான்கே வாரங்களில் அவை மீண்டும் நடந்தன. பல மாதங்கள் கடந்த காயத்திலோ வடுத்திசு இறுகியிருக்கும். பலருக்கு நீர் நிறைந்த குழிவும் உண்டாகியிருக்கும். மேலும், மனிதத் தண்டுவடத்தில் நரம்பிழை வளர்ந்து கடக்க வேண்டிய தூரம் எலியுடையதைவிடப் பன்மடங்கு அதிகம். 2025இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இம்மருந்துக்கு அளித்தது அரிய நோய் மருந்து என்ற தகுதியை மட்டுமே. அது விற்பனைக்கான ஒப்புதல் ஆகாது.

அந்த மையத்திடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் இச்சிகிச்சையின் பதிவெண் என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைகளின்படி, ஆய்வில் உள்ள சிகிச்சைக்கு அதில் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. பதிவெண் இல்லை என்றாலும், இருந்தும் பணம் கேட்கிறார்கள் என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

நாளை நல்ல மருந்து வந்தாலும், படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் இல்லாத உடலுக்கே அது பயன்படும். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம் போன்ற ஓரிடத்தில் தம்பியைக் காட்டி, சிறுநீரை நேரம் தவறாமல் குழாய் வைத்து வெளியேற்றும் முறையை அவரே செய்யும் அளவுக்குக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். படுத்திருக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். காலையும் இரவும் வால் எலும்புப் பகுதியையும் குதிகால்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், ஓரிடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ கருத்தோ இருந்தால் அது ஆறும்வரை அவ்விடத்தில் உடல் பாரம் படவே கூடாது.