பரிசோதனை முடியும் முன்பே நான்காவது கடனா?

கேள்வி: சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் அண்ணனுக்குக் கொடையாளியாக முன்வந்திருக்கிறேன். ரத்த வகை பொருந்திவிட்டது. மற்ற பரிசோதனைகள் நடக்கின்றன. அவருடைய சிகிச்சைக்காக என் பெயரில் மூன்று தனிநபர் கடன்கள் வாங்கிக் கொடுத்தேன். தவணைக்கே சம்பளத்தில் 42 சதவீதம் போகிறது. அறுவைச் சிகிச்சைக்காக இன்னொரு கடன் கேட்கிறார் அண்ணி. எல்லாவற்றையும் பிறகு சேர்த்து அடைத்துவிடுவார்களாம். எனக்குத் தீவிர நோய் பாலிசி எடுக்கச் சொல்கிறார் ஒரு முகவர். என்ன செய்ய?

பதில்: பாலிசியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவ்வகைப் பாலிசிகளில் உறுப்பு மாற்றுக்கான தொகை பொதுவாக உறுப்பைப் பெறுபவருக்குத்தான், கொடுப்பவருக்கு அல்ல. பரிசோதனையில் இருப்பதை மறைத்து எடுத்தால் நாளை இழப்பீடே மறுக்கப்படலாம். முகவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் சிக்கல் வேறு. அண்ணன் வீட்டில் கேட்டவுடன் கையெழுத்துப் போடுகிறீர்கள். சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். தவணை 42, வீட்டுச் செலவு 45 இருக்கும். புதிய கடனுக்கு ஒரு 15. மொத்தம் 102! விடுப்பே எடுக்காத மாதத்தின் கணக்கு இது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறுநீரகத்தை எடுத்தாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு வேண்டும். பளு தூக்கும் வேலையென்றால் இன்னும் கூடும். சம்பளமில்லாமல் இரண்டு மாதம் என்றால் 204 எங்கிருந்து வரும்? ஐந்தாவது கடனிலிருந்தா?

அதிலும், அறுவைச் சிகிச்சை நடக்குமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. ரத்த வகை முதல் படிதான். திசுப் பொருத்தம், கிராஸ்மேட்ச் (அண்ணனின் ரத்தம் உங்கள் செல்களை எதிர்க்கிறதா என்ற சோதனை), 24 மணி நேரச் சிறுநீர், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், ரத்த நாளங்களைக் காட்டும் சிடி ஸ்கேன் என்று வரிசை நீளும். வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 90 மி.லி.க்கு மேல் இருந்தால் நல்லது; 60க்குக் கீழே என்றால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். இதுவரை தெரியாதிருந்த ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இப்போதுதான் வெளிப்படுவதும் உண்டு. கிராஸ்மேட்ச் சோதனையை அறுவைக்குச் சற்று முன் மறுபடியும் செய்வார்கள். அதற்குள் கடன் வாங்கினால், நடக்காமலே போகக்கூடிய ஒன்றுக்கு வட்டி கட்டுவீர்கள்.

மருத்துவமனையில் உங்களைத் தனியே உட்காரவைத்து மனநலம், குடும்பம், பணம் பற்றிக் கேட்பார்கள். அங்கே மூன்று கடன்களையும் சொல்லுங்கள். "பிறகு அடைத்துவிடுகிறோம்" என்ற வாக்கையும் சொல்லுங்கள். உறுப்புக்குப் பணம் வாங்குவது ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் குற்றம். பழைய கடனும் கொடையும் ஒரே பேச்சில் கலந்தால் தேவையில்லாத சந்தேகம் எழும். கடனுக்குத் தனியாக, தேதியும் தவணையும் போட்டு, இப்போதே எழுதி வாங்குங்கள். கொடைக்காக ஆகும் உண்மையான செலவையும் இழந்த சம்பளத்தையும் ஈடுசெய்யப் பல நாடுகளில் தடையில்லை. உங்கள் பரிசோதனைச் செலவு யாருடைய கணக்கில் சேரும் என்பதை மருத்துவமனையின் உறுப்பு மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். பல இடங்களில் அது கொடையாளியின் தலையில் விழுவதில்லை.

அண்ணிக்கு என்ன பதில் சொல்வது? "பரிசோதனை முடியட்டும். கடன் வேண்டுமென்றால் அது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை. கொடுக்கவே தயக்கம் வந்தாலும் மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம். காரணத்தைக் குடும்பத்திடம் விளக்காமலே "பொருந்தவில்லை" என்று அவர்கள் முடித்துவிடுவார்கள். கொடுப்பதாகவே இருந்தால், ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனைக்கான செலவையும் உங்கள் வீட்டுக் கணக்கில் இப்போதே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.