ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 23. எம்.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். சிறு வயதில் என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். தடுக்கப் போனால் எனக்கும் விழும். என்னுடைய 15 வயதில் நாங்கள் தாத்தா வீட்டுக்கு வந்து சேரும்வரை இது நடந்தது. இப்போதும் இரவு 11 மணிக்குத் தெருவில் யாராவது பைக் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு வியர்த்துவிடுகிறது. ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லை. ஒரே பக்கத்தை நான்கு முறை படித்தாலும் மனத்தில் நிற்பதில்லை. தோழிகள் பள்ளி நாட்களைப் பற்றிப் பேசினால் எனக்கு எதுவும் தெளிவாக நினைவுக்கு வருவதில்லை. சிறு வயதில் துன்பப்பட்டவர்களுக்கு மூளை சுருங்கிவிடும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா? கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மூளை கெட்டுப்போய்விடவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஸ்கேனுக்குப் பணம் செலவழிக்கவும் தேவையில்லை. ஆனால் உங்களுக்குச் சிகிச்சை தேவை, அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் பயந்து வாழ்ந்த ஒரு குழந்தைப் பருவத்தின் தடமும், ஒரு வருடமாக உங்களை அழுத்திவரும் மனச்சோர்வும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டதால்தான் படித்தது நிற்காத இந்த நிலை வந்திருக்கிறது.

நீங்கள் படித்த ‘மூளை சுருங்கும்’ செய்திக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில் ஹிப்போகாம்பஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. புதிதாகக் கற்பது நிலையான நினைவாக மாறுவதற்கு அது இன்றியமையாதது. மனச்சோர்வுள்ள 32 பெண்களை ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு இடப்பக்க ஹிப்போகாம்பஸ், அப்படி ஆளாகாதவர்களைவிடச் சராசரியாக 18 சதவீதம் சிறியதாக இருந்தது. இந்த எண்ணைத் தனியே படிப்பவர்கள் அஞ்சத்தான் செய்வார்கள். ஆனால் இது ஒரு சிறு குழுவின் சராசரி என்பதை மறக்கக் கூடாது. தனி ஒருவருடைய ஸ்கேனைப் பார்த்து, ‘இவர் சிறு வயதில் துன்பப்பட்டவர்’ என்றோ ‘இவருக்கு மறதி வரும்’ என்றோ எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதே 2002இல், வியட்நாம் போருக்குச் சென்று மனம் பாதிக்கப்பட்ட வீரர்களை அவர்களுடைய ஒத்த இரட்டைச் சகோதரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, போர்முனைக்கே போகாத சகோதரர்களுக்கும் அந்தப் பகுதி சிறியதாகவே இருந்தது. ஆக, பாதிப்பால் சுருங்கியது எவ்வளவு, பிறவியிலேயே அமைந்தது எவ்வளவு என்பதை எளிதில் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

பைக் ஸ்டாண்டு சத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதிய வரிதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அடுத்த நிமிடம் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் மூளை சிறு வயதிலேயே கற்றுக்கொண்டது. அப்படிக் கற்றதுதான் அன்று உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் காவலாக இருந்தது. ஆபத்தை உணர்ந்து உடலை உஷார்ப்படுத்துவதில் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டில் வன்முறையைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்குக் கோபமான முகங்களின் படங்களைக் காட்டியபோது அந்தப் பகுதி மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக இயங்குவதை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் கண்டார்கள். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களிடம் காணப்பட்டதை அது ஒத்திருந்தது என்றும் எழுதினார்கள். இத்துறையில் நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் டைஷர், இந்த மாற்றங்களில் பலவற்றை, ஆபத்தான சூழலில் பிழைத்திருப்பதற்காக மூளை தன்னைத் தகவமைத்துக்கொண்டதன் அடையாளங்களாகவே பார்க்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆபத்து விலகி எட்டு ஆண்டுகள் ஆகியும் அந்தக் காவல் விலகாமல் இருப்பதுதான் இப்போது உங்களுக்குத் தொல்லை.

தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். கிறிஸ்டின் ஹைம் என்பவரின் தலைமையில் 2000இல் வெளியான அந்த ஆய்வில் 18 முதல் 45 வயது வரையிலான 49 பெண்களை அந்நியர் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் செய்தார்கள். சிறு வயதில் கொடுமைக்கு ஆளாகி, அப்போது மனச்சோர்விலும் இருந்த பெண்களுக்கு, நெருக்கடியின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் இன்னொரு ஹார்மோன் ஏறிய அளவு, இவை இரண்டும் இல்லாத பெண்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் இருந்தது. மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்ததும் தெரிந்த கணக்குகூடக் கைவிட்டுப் போனால், அது உங்கள் அறிவின் குறையல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

படித்தது நிற்காததற்கு நினைவாற்றல் போய்விட்டது என்று பொருளில்லை. பல நேரங்களில் அது நினைவுக்குள் நுழையவே இல்லை. ஒரு பக்கத்தை வாசிக்கும்போது முந்தைய வரியை மனத்தில் தாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகும் வேலையில் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை முக்கியமானது. மனத்தின் ஒரு பாதி வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டும், மறு பாதி ‘என்னால் எதுவும் முடியாது’ என்ற எண்ணத்தையே சுற்றிக்கொண்டும் இருந்தால், படிப்புக்கு மீதம் இருப்பது கொஞ்சம்தான். கவனம் குவியாமை மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. அதைச் சோம்பல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பள்ளி நாட்கள் மங்கலாக இருப்பதற்கும் விளக்கம் உண்டு. மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒரு குறிப்பிட்ட நாளை நினைவுகூரச் சொன்னால், ‘அப்போதெல்லாம் அப்படித்தான் இருக்கும்’ என்று பொதுப்படையாகவே சொல்கிறார்கள் என்பதை மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1980களிலிருந்தே எழுதிவந்திருக்கிறார். வலிக்கும் நினைவுகளை நெருங்காமல் விலகிப் பழகும் மனம், அவற்றோடு நல்ல நினைவுகளையும் தூரத்திலேயே நிறுத்திவிடுகிறது.

பூப்பெய்தும் வயதுக்குப் பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மனச்சோர்வு வருகிறது. ஹார்மோன் மாற்றங்கள் இதில் ஒரு பங்குதான். சண்டை நடக்கும் வீட்டிலிருந்து தெருவுக்கோ மைதானத்துக்கோ ஓடிவிட ஓர் ஆண்பிள்ளையால் முடிகிறது. பெண்பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்து அம்மாவுக்கு அரணாக நிற்கிறாள். அந்தச் சுமையை யாரும் ஆய்வு எண்களில் சேர்ப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. முன்மூளை முழு வளர்ச்சி பெற இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. 23 வயதில் உங்களுடையது இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றில் எது குறைந்தாலும் சோர்வும் மறதியும் வரும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. அதன் பிறகு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. அவர்களில் சிறு வயதில் மனக்காயம் அடைந்தவர்களுக்கு, மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டதைவிட முறையான பேச்சு சிகிச்சை, அதாவது நிபுணரோடு பேசிப் பெறும் உளவியல் சிகிச்சை, அதிகப் பலன் தந்தது. ஆகவே உளவியல் சிகிச்சையை நீங்களே கேட்டு வாங்குங்கள். இதனால் மாத்திரையே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். தூங்கவும் சாப்பிடவும் முடியாத நிலையில் பேச்சு சிகிச்சைக்கு உட்காரும் தெம்பை அது தரக்கூடும். மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரைகளைப் போல அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மனம் தெளிந்த பிறகும் கவனம் திரும்பச் சற்றுத் தாமதமாகலாம். அதைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அம்மாவின் ஆசையை நான் குறை சொல்லவில்லை; தமக்குக் கிடைக்காத நிம்மதி உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். ஆனால் திருமணம் மனச்சோர்வுக்கு மருந்தல்ல. புது வீட்டில் யாராவது குரலை உயர்த்தினாலே வியர்க்கும் உடம்போடு நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரம் இரகசியமாக வைக்கப்படும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் அதை நான் கேட்டாக வேண்டும். வந்தால் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும் என்ற பயம் உங்களுக்கு இருக்கக்கூடும். வாயால் சொல்ல வரவில்லை என்றால், எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தின் நகலையே அவரிடம் கொடுங்கள். பைக் ஸ்டாண்டு வரியை மட்டும் அடிக்கோடிட்டுக் கொடுங்கள்.