இத்தாலியனில் "ஃப்ரீயா?" என்று கேட்பது எப்படி?

கேள்வி: "நாளைக்கு ஃப்ரீயா?" இதை இத்தாலியனில் எப்படிக் கேட்பது?

பதில்: ஆணிடம் "தொமானி ஸேய் லீபெரோ?", பெண்ணிடம் "தொமானி ஸேய் லீபெரா?". நம்ம "ஃப்ரீயா"வுக்கு ஆண் பெண் கிடையாது. அங்கே கடைசி எழுத்து மாறியே ஆக வேண்டும். பேசும் வேகத்தில் அது தடுக்கிறதென்றால் "தொமானி ச்சி ஸேய்?" போதும். "நாளைக்கு இருப்பியா?" என்கிறோமே, அதே தொனி. நண்பர்களிடம் நான் கேட்பதும் இப்படித்தான்.

கேள்வி: "நேரம் இருக்கிறதா, கிடைப்பாயா" என்ற பொருளில் வரும் "டிஸ்போனீபிலே" ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே? அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேலை, சந்திப்பு விஷயங்களில் தாராளமாக. ஆனால் பழக்கமில்லாத பெண்ணிடம் மொட்டையாக "ஸேய் டிஸ்போனீபிலே?" என்று கேட்காதீர்கள். விவகாரமான அர்த்தம் வந்துவிடும்.

கேள்வி: தோழியைச் சினிமாவுக்குக் கூப்பிட்டேன். "ஸோனோ இம்பெஞ்ஞாத்தா" என்றாள். வேலை இருக்கிறதா, ஆள் இருக்கிறதா?

பதில்: சொல் இரண்டுக்கும் பொருந்தும், அதுதான் சிக்கல். நீங்கள் குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்லிக் கேட்டிருந்தால் பெரும்பாலும் வேலைதான். "அப்போ எப்போ முடியும்?" என்பதற்கு "குவாந்தோ பொத்ரெஸ்தி?" என்று கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம், அந்த "ஞ்ஞ" நமக்கு இனாம். "விஞ்ஞானம்" சொல்ல வருகிறவருக்கு இத்தாலியன் "இம்பெஞ்ஞாத்தா" சுலபம்.

கேள்வி: பலெர்மோவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். சம்பளம் பற்றிப் பேச வீட்டுக்கார அம்மாவிடம் நேரம் கேட்க வேண்டும். மரியாதையாக எப்படி?

பதில்: "ஸ்கூஸி சிஞ்ஞோரா, ஆ உன் மொமெந்தோ?" நண்பரிடம் "ஸ்கூஸா", "ஆய்" என்போம், "ஸ்கூஸி", "ஆ" என்று மாற்றினாலே "நீங்கள்" ஆகிவிடும். இப்போது முடியாது என்றால் "குவாந்தோ லே ஃபரெப்பே கோமொதோ?", அதாவது உங்களுக்கு எப்போது வசதிப்படும். பதிலில் நாளைக் கவனியுங்கள். "ஜொவெதீ" என்றால் வருகிற வியாழன். முன்னால் "இல்" சேர்த்து "இல் ஜொவெதீ" என்றால் வியாழன்தோறும். ஒரு சின்ன "இல்"லைக் காதில் வாங்காமல் நான் ஒருவர் வீட்டு வாசலில் வீணாக நின்றிருக்கிறேன்.

கேள்வி: "பிஸி"க்கு "ஒக்குபாத்தோ" சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், பெண் என்றால் "ஒக்குபாத்தா". ரயில் கழிப்பறைக் கதவில் இருப்பதும் அதே சொல்தான்; உள்ளே ஆள் இல்லாவிட்டால் "லீபெரோ".