இவ்வளவு பெரிய வானத்தில், இறங்கும்போது சின்ன விமானங்கள் எப்படி மோதிக்கொள்கின்றன?

கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு மேலே வானம் எவ்வளவு விரிந்திருந்தாலும் இறங்க ஓடுபாதை ஒன்றுதான். சிக்கலே அங்கேதான். கோவையில் கட்டுப்பாட்டுக் கோபுரம் வரிசைப்படுத்திவிடும். கோபுரம் இல்லாத சிறு தளங்களில் விமானிகளே ரேடியோவில் இடத்தையும் உயரத்தையும் சொல்லி, கண்ணால் பார்த்து ஒதுங்க வேண்டும்.

மோசமான ஜோடி ஒன்று உண்டு. செஸ்னா 172 என்ற சிறு விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே. மேலிருந்து வருவது தெரியாது. பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சிறு விமானத்துக்கு இறக்கை கீழே. அடியில் போவது தெரியாது. ஓடுபாதையை நோக்கி இறங்கும் கடைசி நேர்கோட்டில் செஸ்னா கீழேயும், பைப்பர் சற்று வேகமாக மேலேயும் வந்தால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே புள்ளிக்கு இறங்குவார்கள். போதாக்குறைக்கு இருவர் கண்ணும் ஓடுபாதையிலேயே ஒட்டியிருக்கும்.

நேராக மோத வரும் விமானம் முன்கண்ணாடியில் நகராது. பூச்சிக் கறை மாதிரி ஒரே இடத்தில் நின்று, கடைசிச் சில நொடிகளில் திடீரென்று பெரிதாகும்.

இறக்கை மறைப்பதால்தான் செஸ்னாவில் திரும்புமுன் அந்தப் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பார்கள். தாழ்ந்து வருபவருக்கே முன்னுரிமை என்பது விதி. அதற்காகக் குறுக்கே நுழையக் கூடாது. முன்னால் போகிறவர் கண்ணில் படவில்லையென்றால் இறங்காதீர்கள். நேரே மேலேறினால் மேலிருப்பவர் வயிற்றில் முட்டலாம். பக்கவாட்டில் விலகிய பிறகே ஏற வேண்டும்.