மூல் கணக்கு தெரியும், அளவி பழக்கமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு, தமிழ்மொழி மூலம். இரசாயனவியலில் பி, உயிரியலில் சி. செப்டெம்பரில் இங்கிலாந்தில் பவுண்டேஷன் ஆண்டு தொடங்குகிறாள், பிறகு உயிர் இரசாயனப் பட்டம். பாடசாலையில் ஆய்வுகூட வேலை குறைவு. மிச்சமுள்ள மாதங்களில் எதைப் படிக்கச் சொல்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. மூல் (இரசாயனப் பொருளின் அளவை எண்ணும் அலகு) கணக்கு, சேதன இரசாயனம், கலப்பிரிவு எல்லாம் உங்கள் மகள் ஏற்கெனவே கரைத்துக் குடித்தவைதான். பழகாமல் இருப்பது கை. நமது உயர்தரப் பரீட்சையில் செய்முறையையும் பேனையால்தான் எழுதுகிறோம். அங்கே அளவியை (திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும், கோடிட்ட நீண்ட கண்ணாடிக் குழாய்) கையில் கொடுத்து, வந்த பெறுமானம் எவ்வளவு சரி என்று பார்த்துப் புள்ளியிடுவார்கள்.

படித்த பாடசாலையில் அனுமதி கேட்டு, விடுமுறையில் சில நாள் ஆய்வுகூடத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஒரே நியமிப்பை, அதாவது ஒரு கரைசலோடு முழுதாகத் தாக்கமடைய இன்னொரு கரைசல் எவ்வளவு தேவை என்று அளக்கும் பரிசோதனையை, திரும்பத் திரும்பச் செய்தால் போதும். நீரற்ற சோடியம் காபனேற்று 1.325 கிராம் நிறுத்து, முகவையில் கரைத்து, 250 மில்லிலீற்றர் கனமானக் குடுவைக்கு மாற்ற வேண்டும். முகவையைக் கழுவிய நீரும் குடுவைக்குள்தான் போக வேண்டும். குறிவரை நிரப்பி, மூடி, பல தடவை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கினால் லீற்றருக்கு 0.05 மூல் செறிவுள்ள கரைசல் கிடைக்கும். அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாய்) கூம்புக் குடுவைக்கு எடுத்து, மெதைல் செம்மஞ்சள் என்ற நிறங்காட்டி இரண்டு துளி விட்டு, லீற்றருக்கு 0.1 மூல் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமித்தால் அளவியில் 25 மில்லிலீற்றர் அளவில் மஞ்சள் செம்மஞ்சளாக மாறும். சிவந்துவிட்டால் முடிவுப்புள்ளியைத் தாண்டியாயிற்று.

விடை பிழைக்கும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. அளவியில் 25க்குப் பதில் 12.5 வந்தால் பெரும்பாலும் மெதைல் செம்மஞ்சளுக்குப் பதில் பினோப்தலீன் விட்டிருப்பாள்: அது காபனேற்று இருகாபனேற்றாக மாறும் பாதி வழியிலேயே நிறமிழந்துவிடும். 9 சொச்சம் வந்தால் நிறுத்தது நீரற்ற உப்பல்ல, பத்து நீர் மூலக்கூறு கொண்ட பளிங்கு; அதன் மூலர்த்திணிவு (ஒரு மூலின் நிறை, கிராமில்) 106 அல்ல, 286. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடவே வந்தால் கூம்புக் குடுவையைக் காபனேற்றுக் கரைசலால் கழுவினாளா என்று கேளுங்கள். அளவியை அமிலத்தாலும் குழாயியைக் காபனேற்றாலும் கழுவுவது சரி, கூம்புக் குடுவைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீர்தான். அளவியின் முனையில் நின்ற காற்றுக்குமிழி நடுவில் வெளியேறினாலும் வாசிப்பு கூடும். அளவியை நிரப்பிய புனலை எடுக்க மறந்தால் துளி சொட்டி, வாசிப்புக் குறையும். குழாயியின் நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது. அந்தத் துளியைச் சேர்க்காமல்தான் குழாயிக்கு அளவு குறித்திருக்கிறார்கள்.

இரண்டு வாசிப்புகள் 0.10 மில்லிலீற்றருக்குள் ஒத்துப்போகும்வரை செய்யட்டும். வாசிப்பை 24.9 என்று எழுதாமல் 24.90 என்றே எழுதப் பழக வேண்டும். இதற்கெல்லாம் புள்ளி வெட்டுவார்கள், நம் பிள்ளைகள் அதை அநியாயம் என்று நினைப்பதும் வழக்கம்.

உயிரியலில் நுணுக்குக்காட்டிதான் முக்கியம். கண்ணருகே உள்ள அளவுகோலின் ஒரு பிரிவு எத்தனை மைக்ரோமீற்றர் என்பது பொருள்வில்லைக்கு ஏற்ப மாறும். மேடையில் வைக்கும் அளவுகோலில் ஒரு பிரிவு 10 மைக்ரோமீற்றர். 40 மடங்கு வில்லையில் கண்ணளவுகோலின் 40 பிரிவும் மேடையளவுகோலின் 10 பிரிவும் பொருந்தினால், கண்ணளவுகோலின் ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர். வில்லையை மாற்றிவிட்டுப் பழைய எண்ணாலேயே பெருக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. படம் வரைவது கூர்ப் பென்சிலால், நிழல் போடாமல், கோடுகள் விட்டுவிடாமல்.

கேள்வி: பயோ பிரிவில் படித்தேன், கணிதம் சாதாரணதரத்தோடு நின்றுவிட்டது. இரசாயனவியல் பட்டத்துக்குப் போனால் திண்டாடுவேனா?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: இப்படியே போனால் திண்டாடுவீர்கள். பௌதிக இரசாயனத்தில் கணிதம் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. ஆனால் இணைந்த கணிதம் முழுவதையும் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. முதலில் மடக்கை விதிகள், பிறகு அடுக்குக்குறிச் சார்பு, அதன்பின் எளிய வகையிடல், கடைசியாக 1/x ஐத் தொகையிடல். இந்த வரிசையில் படித்தால் முதல்வரிசைத் தாக்கத்தின் (வேகம் செறிவுக்கு நேர்விகிதமாக மாறும் தாக்கம்) சமன்பாட்டை நீங்களே பெறலாம். வேக மாறிலி நிமிடத்துக்கு 0.0231 என்றால் அரைவாழ்வு, அதாவது பாதி தீர எடுக்கும் நேரம், 0.693 ஐ அதால் பிரிக்க வரும் 30 நிமிடம். pH கணக்கில் பழகிய பத்தை அடியாகக் கொண்ட மடக்கையை, இயற்கை மடக்கைக்குப் பதிலாக, இங்கேயும் வரைபில் போட்டுவிட்டு, சாய்வையே வேக மாறிலி என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அந்தச் சாய்வை 2.303 ஆல் பெருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இரசாயனவியலுக்குக் கணிதத்தை அனுமதித் தகைமையாகவே கேட்கின்றன. விண்ணப்பிக்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: ஆய்வு அறிக்கையை ரியூஷன் குறிப்பைப் பார்த்து எழுதினால் என்ன?
– மாணவி, தெஹிவளை

பதில்: மாட்டிக்கொள்வீர்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் அறிக்கைகளை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போடுவது வழக்கம். நமது பரீட்சையில் புள்ளித்திட்டத்து வசனத்தை அப்படியே எழுதினால் முழுப்புள்ளி. அதே பழக்கம் அங்கே கருத்துத்திருட்டு. எதிர்பார்த்த விடை வராவிட்டால் எண்ணை மாற்றாதீர்கள். வந்ததை எழுதி, ஏன் விலகியது என்று காரணம் காட்டுங்கள். அளவியின் ஒரு வாசிப்பில் 0.05 பிழை என்றால், தொடக்கமும் முடிவும் சேர்ந்து 25 மில்லிலீற்றருக்கு 0.4 வீதம். விலகல் 5 வீதம் என்றால் அளவியைக் குறைசொல்ல முடியாது, வேறு காரணம் தேட வேண்டும்.

கேள்வி: இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு லண்டனிலுள்ள சித்தப்பாவின் வங்கிக்கணக்கைக் காட்டலாமா?
– தந்தை, பம்பலப்பிட்டி

பதில்: காட்ட முடியாது. கணக்கு மாணவரின் பெயரிலோ, பெற்றோர் அல்லது சட்டரீதியான பாதுகாவலரின் பெயரிலோ இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் சேர்த்து வையுங்கள். சித்தப்பா உதவுவதானால் பணத்தை உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும், ஆனால் அது தொடர்ந்து 28 நாள் அங்கேயே கிடக்க வேண்டும். முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத தொகையும், ஒன்பது மாதம் வரையான வாழ்க்கைச் செலவும் சேர்ந்ததே காட்ட வேண்டிய தொகை. இடையில் ஒரு நாள் இருப்புக் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. விசாவுக்குக் கேட்கும் காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கே செல்லும் என்பதால் அதை மிக முன்கூட்டி எடுக்காதீர்கள்.